மணிக்கு ஆறு நிமிடம்

1996ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம், புதிய நேரம். கச்சான் காற்று நான்காவது நாளாக அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு முகிலும் இல்லை. முற்றத்து மாமரத்திலிருந்து இரவில் விழுந்த பிஞ்சுகள் பதினொன்று. பதினோராவதைப் பொறுக்கிக்கொண்டு நான் நிமிர்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மணிக்கூட்டைக் கைக்குழந்தை போல் அணைத்தபடி எங்கள் படலையைத் திறந்தார்.

புதிய நேரம் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. அந்த வருடம் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடு முழுவதும் மின்வெட்டு. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் பதினான்கு நாட்களுக்கு முன்னர் நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் பேச்சு எடுபடாத ஊர்களில் பழைய நேரமே ஓடியது. தோணியில் இருபது நிமிடத்தில் வாவியைக் கடந்தவர், புறப்பட்ட நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். இப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து “இது பிழை” என்றால், எந்த நேரத்தின்படி பிழை என்றுதான் முதலில் கேட்க வேண்டும். கேட்டேன்.

“ரெண்டு நேரத்திலயும் பிழை அண்ணன்” என்றார் அவர். “அரசாங்கம் ஒரு மணித்தியாலம் தள்ளிச்சு. போதாதெண்டு இது தன்ட பாட்டுல மிச்சத்தத் தள்ளுது.”

எங்கள் வீடு ஏறாவூரில், தமிழ்ப் பகுதியும் முஸ்லிம் பகுதியும் முட்டிக்கொள்ளும் ஒழுங்கையில் இருந்தது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. அவர் ஜித்தாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் லொறி ஓட்டினார். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். புதிதாகக் கட்டும் வீட்டுக்கு நாலு சுவரும் எழும்பிவிட்டன, கூரை இல்லை. மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சுவருக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். “சுவர் ஏறாவூர்ல, கூரை ஜித்தால” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். திரும்பிப் போகும் அனுமதி அவருடைய கடவுச்சீட்டில் யூன் 21ஆம் திகதியோடு முடிந்தது. 20ஆம் திகதி வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் சந்தியிலிருந்து புறப்படும் கொழும்பு பஸ்ஸில் ஏறினால், அன்றிரவு விமானம். அதை விட்டால் அடுத்த விமானம் திங்கட்கிழமை. திங்கட்கிழமை போனால் ஜித்தாவில் அவரை உள்ளே விடமாட்டார்கள். கூரை அங்கேயே நின்றுவிடும்.

“விடியத் தொழுகைக்கு வாங்கு சொல்லேக்க எழும்பலாம்தானே?” என்றேன்.

“அதுதான் அண்ணன் சனியன். பள்ளி சூரியனப் பாத்து வாங்கு சொல்லுது. பஸ்காரன் அரசாங்கத்தப் பாத்து வெளிக்கிடுறான். மே மாசத்தில எண்டா வாங்குக்கு எழும்பி, தொழுது, சாயா குடிச்சித்துப் போய் ஏறலாம். இப்ப பஸ் போய் ஏழு நிமிசத்தால வாங்கு சொல்றாங்க.”

ஏழு நிமிடம் என்று அவர் சரியாகச் சொன்னது எனக்குப் பிடித்தது. ஆகவே மணிக்கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் நேரம் காட்டும், சுவரில் செருகும் மின்சார மணிக்கூடு. இந்த ஒன்றின் சத்தத்துக்கு மட்டும்தான் தான் எழும்புவதாக அவர் சொன்னார். உண்மைதான். அது கத்தினால் வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் கோழிகளும் எழும்பும். மின்வெட்டு தினமும் மாலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. ஒன்பதுக்குக் கறண்ட் வந்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதைச் சரிசெய்து வைப்பார். காலையில் பார்த்தால் முக்கால் மணித்தியாலம் முந்தி நிற்கும். ஜித்தாவில் மூன்று வருடம் ஒரு நிமிடம் தவறாத மணிக்கூடு.

“அங்க அரபிக் கறண்ட், இஞ்ச தமிழ்க் கறண்ட். அதுக்குப் பாஷை வெளங்கல்ல போல” என்றார்.

என்னைத் தேடி அவர் வந்ததற்குக் காரணம் என் தொழில். நான் டெலிபோன் நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். இருபத்தாறு வருடமாக அங்கே பற்றரி அறை என் பொறுப்பு. இருபத்துநான்கு செல்கள், செல்லுக்கு இரண்டு வோல்ற், மொத்தம் நாற்பத்தெட்டு. ஊரில் கறண்ட் போனாலும் டெலிபோன் செத்துப்போகாமல் இருந்தது அந்த இருபத்துநான்கினாலும் என்னாலும்தான். அதே யோசனையில் என் வீட்டிலும் நான்கு பழைய லொறிப் பற்றரிகளை ஒரு பலகையில் அடுக்கி, கறண்ட் இருக்கும்போது நிரப்பவும் இல்லாதபோது ஒரு விசிறி, இரண்டு விளக்கு, ஒரு ரேடியோ ஓட்டவும் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தேன். தேடுதலுக்கு வந்த ஆமிக்காரர்கள்கூட நான்கு பற்றரிகளையும் எண்ணி, என் கந்தோர்க் கடிதத்தை இரண்டு தடவை வாசித்து, விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்று நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். அதற்குள்ளே மணிக்கூடு என்று ஒன்றும் கிடையாது. கறண்ட் ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவை அலைபோல் ஏறி இறங்கும். ஜித்தாவில் அறுபது தடவை; அதற்கென்று அடியிலிருந்த சுவிட்சை அவர் வந்தன்றே ஐம்பதுக்கு மாற்றியிருந்தார். அந்த அலை நடுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் இது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வேறு வேலை அதற்கில்லை. அதுவும் என்னைப்போல ஒரு எண்ணிக்கைக்காரன்.

“அப்ப இதுக்கும் நித்திரை வராது” என்றார்.

“எண்ணிக்கை கூடுதெண்டா, அலை கெட்டுப்போச்செண்டு அர்த்தம். யாரோ கறண்டுக்குள்ள அழுக்குப் போடுறான்” என்றேன். “ஆரெண்டு நான் கண்டுபிடிக்கிறன்.”

அந்த வசனத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

ஒரு கோடு போட்ட தாளில் திகதி, வைத்த நேரம், எழும்பும் நேரம், முந்திய நிமிடம் என்று நான்கு நிரல் கீறி அவரிடம் கொடுத்தேன். நான்கு நாளில் கணக்குத் தெளிந்தது. மணிக்கு ஆறு நிமிடம். ஒன்பதிலிருந்து நாலரை வரை ஏழரை மணித்தியாலம். ஏழரை ஆறு நாற்பத்தைந்து. ஆகவே நாலரைக்கு எழும்ப வேண்டுமானால் அலாரத்தை ஐந்தேகாலுக்கு வைக்க வேண்டும். இதைத் தாளின் அடியில் சிவப்பு மையால் எழுதி இரண்டு கோடும் போட்டேன். அவர் அதைத் தகரப் பெட்டியின் மூடிக்கு உட்பக்கம் செருகி வைத்தார்.

அதற்கிடையில் குற்றவாளியைத் தேடினேன். ஒழுங்கை முனையில் ஒரு வெல்டிங் கடை இருந்தது. தீப்பொறி பறக்கும் தொழில், சந்தேகத்துக்குப் பொருத்தமான தொழில். விசாரித்ததில் மணிக்கூடு மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதும் முறைப்பாடு. பக்கத்து வீட்டுக்காரரின் மாமியார் வீட்டு ரேடியோ இரவில் கரகரத்தது. தையல்கார அக்காவின் ரியூப் லைட் முனகியது. பேக்கரிக்காரரின் விசிறி வண்டுபோல் இரைந்தது. என் ரேடியோ மட்டும் பால்போலத் தெளிவாகப் பேசியது. என் வீட்டு வேலைப்பாட்டின் சிறப்பு என்று அதற்கும் நானே காரணம் சொன்னேன். வெல்டிங் கடையை நடவடிக்கைக்கு உட்படுத்துமாறு மின்சாரக் கந்தோருக்கு ஒரு மனு எழுதி, வீடு வீடாகப் போய்ப் பதினேழு கையெழுத்து வாங்கினேன். பதினேழாவது கையெழுத்து பக்கத்து வீட்டுக்காரருடையது. மனுவைக் கொடுத்தது 11ஆம் திகதி.

12ஆம் திகதி விடிய வெல்டிங்காரர் கடையைப் பூட்டிவிட்டு, வேல் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கால்நடையாகக் கதிர்காமத்துக்குப் போய்விட்டார். அன்றிரவும் மணிக்கூடு நாற்பத்தைந்து நிமிடம் முந்தியது.

“முருகன் காப்பாத்திட்டார் அவர” என்றார் என் மனைவி.

14ஆம், 15ஆம் திகதிகளில் நான் சித்தாண்டிக்குப் போயிருந்தேன். என் தமக்கையின் பேரப்பிள்ளைக்கு முதற்சோறு. போகும்போது, ஆளில்லாத நேரத்தில் பற்றரி கொதித்துவிடும் என்ற பயத்தில், நிரப்பும் பெட்டியை நிறுத்தி, செருகியையும் கழற்றி, கழற்றியதை இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். மனைவி இரண்டு நாளும் விளக்கு வைத்துச் சமாளித்தார். 16ஆம் திகதி நான் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் தாளோடு வந்தார்.

“புதினம் அண்ணன். நீங்க இல்லாத ரெண்டு நாளும் மணிக்கூடு நேரான ஓட்டம். முந்தல்ல, பிந்தல்ல. ஒங்களக் காணல்லயெண்டு கவலையாக்கும்.”

தாளில் 14க்கு எதிரே சைபர். 15க்கு எதிரே சைபர். நான் அந்த இரண்டு சைபரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போன பிறகு, திண்ணைக்கோடிக்குப் பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே கேட்டார்.

“இஞ்சேருங்க. போகேக்க உங்கட பெட்டிய நிப்பாட்டிப்போட்டுத்தானே போனீங்க?”

“ஓம்.”

“அப்ப சரி” என்றார். கத்தி மீனில் ஏறியது.

அன்று பின்னேரம் பெட்டிக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் கந்தோரில் ஒரு முறை உண்டு. கம்பியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க டெலிபோன் காதுக்குழலை ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வழியாகத் தொடுத்துக் கேட்போம். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லும். முதலில் பற்றரிப் பக்கம் வைத்துக் கேட்டேன். அமைதி, குளத்து நீர். பெருமையாக இருந்தது. அந்தப் பக்கத்துக்கு நான் இரைச்சலை வடிகட்டும் சோக் என்ற கம்பிச்சுருளும் கண்டென்சரும் போட்டிருந்தேன். கந்தோரில் கற்ற பாடம் அது. பற்றரிப் பக்கம் துப்புரவாக இருந்தால்தான் டெலிபோனில் இரைச்சல் வராது. ஒன்பது மணிக்குக் கறண்ட் வந்ததும், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் குழலை மற்றப் பக்கம், கறண்ட் வரும் பக்கம் வைத்தேன்.

குளவிக் கூட்டில் காதை வைத்ததுபோல் இருந்தது.

என் பெட்டிக்குள் இருந்த தைரிஸ்டர் என்ற சாமான் அலையை முழுதாகக் குடிக்காது. ஒவ்வொரு அலையிலும் ஒரு கடி கடித்து எடுத்து, அதைப் பற்றரிக்குக் கொடுக்கும். கடிபட்ட அலை ஒழுங்கைக்குத் திரும்பிப் போகும். ஐம்பது என்ற தாய்ச் சுருதியோடு நூற்றைம்பது, இருநூற்றைம்பது, முந்நூற்றைம்பது என்று குட்டிச் சுருதிகளும் சேர்ந்து பாடும். ஹார்மோனிக் என்று கந்தோர்ப் புத்தகத்தில் அதற்கு ஒரு அதிகாரம் இருந்தது. முப்பத்திரண்டு பக்கம். பரீட்சைக்கு வராது என்பதால் நான் வாசிக்கவில்லை. நடுக்கோட்டுக்குக் கிட்டக் கடி விழும்போது அலை கோட்டை ஒருமுறை தாண்டுவதற்குப் பதிலாகத் தடுக்கி மூன்றுமுறை தாண்டும். மணிக்கூடு நேர்மையாக மூன்றையும் எண்ணும்.

என் முற்றத்தைத் துப்புரவாகக் கூட்டி, குப்பையை வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குள் எறிந்துகொண்டிருந்திருக்கிறேன். பிறகு குப்பை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பதினேழு கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். என் ரேடியோ பால்போலப் பேசியது அது பற்றரியில் ஓடியதால்.

அப்போதே வேலியருகே போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் காலையில் அவரே கேட்டார்.

“அந்த ரெண்டு நாள் சைபருக்கு என்ன காரணம் அண்ணன்?”

“வெள்ளி, சனி” என்றேன். “அந்த ரெண்டு நாளும் ஊரில பாவிப்புக் குறைவு. புதன் இரவு வழமைதான். நாற்பத்தைந்து.”

“அப்ப அலாரம் அஞ்சேகாலுக்கே வைக்கட்டா?”

“வைங்க. வேணுமெண்டா நான் வேலியால கூப்பிட்டு எழுப்பியும் விடுறன்.”

“வேணாம் அண்ணன். ஒங்கட நித்திரைய ஏன் கெடுப்பான்? ஒங்கட கணக்கே போதும் எனக்கு.”

அன்று மத்தியானமே இன்னொரு செய்தி வந்தது. எங்கள் மனுவை விசாரிக்க மின்சாரக் கந்தோரிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறாராம். வாழ்க்கையில் நான் எழுதிய மனுக்கள் நாற்பத்தொன்று. பதில் வந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இரண்டு நாள் கந்தோருக்கு லீவு போட்டேன். சந்தைக்குப் பக்கத்துக் கடையில் செப்புக் கம்பியும், தண்ணீர்ப் பம்புக்குப் போடும் கண்டென்சர் ஆறும் வாங்கினேன். ஒரு பழைய ட்ரான்ஸ்போமரின் இரும்பில் சோக் சுற்ற வேண்டும். இருநூற்று நாற்பது சுற்று. நூற்றெண்பத்தாறில் மனைவி, “கோழி எத்தனை முட்டை இட்டது?” என்று கேட்டார். “ஏழு” என்றேன். பிறகு எட்டு, ஒன்பது என்று சுற்றிக்கொண்டே போய் இருபதில்தான் விழித்தேன். எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மனைவி சிரிக்கவில்லை, ஆனால் அடுக்களைக்குள் போய் நெடுநேரம் வரவில்லை.

19ஆம் திகதி புதன்கிழமை மாலை, மின்வெட்டு நேரத்தில், கம்பியில் உயிரில்லாதபோது, சோக்கையும் ஆறு கண்டென்சரையும் கறண்ட் வரும் பக்கத்தில் பூட்டினேன். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பயணம் சொல்ல வந்தார். கையில் ஒரு தட்டில் தொதல் இனிப்பு. பெட்டியின்மேல் கொடியில் கிடந்த சாரம் ஒன்றைப் போட்டு மூடிவிட்டு எழும்பினேன்.

“என்ன அண்ணன், பெட்டிக்குக் காய்ச்சலா? போர்த்தி வைச்சிருக்கிங்க.”

“தூசு.”

“பிள்ளையளப் பாத்துக்கோங்க. மறுகா வரக்குள்ள கூரையோட வாறன்.” அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியது. “போக மனமில்ல. ஆனா போகாட்டி மழைக்கு முதல் ஓடு ஏறாது.”

நான் அவருடைய கையைப் பிடித்தேன். மணிக்கூட்டைப் பற்றி ஒரு சொல்லும் என் வாயில் வரவில்லை. மறைத்தேன் என்பதல்ல. சத்தியமாக நினைவில் இல்லை. மேற்பார்வையாளர் வரும்போது கம்பி துப்புரவாக இருக்க வேண்டும் என்ற ஒன்றே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதுக்குக் கறண்ட் வந்தது. குழலை வைத்துக் கேட்டேன். குளவிகள் போய்விட்டன. தாய்ச் சுருதி மட்டும் தனியே, தம்புராவைப்போல. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக நிம்மதியாகப் படுத்தேன்.

எனக்கு அலாரம் வேண்டியதில்லை, கவலையே எழுப்பிவிடும். வழமைபோல நாலரைக்கு முழித்தேன். வேலிக்கு அப்பால் சத்தம் இல்லை. மனுஷன் அலாரத்துக்கு முன்னமே எழும்பி மற்றவர்களைக் குழப்பாமல் போகிறார் போலும், பண்பான ஆள், என்று நினைத்தேன். முகட்டில் ஒரு பல்லி பதினான்கு தடவை சொல்லியது. நாலே முக்கால். ஐந்து. பஸ்ஸுக்கு நல்ல நேரத்தோடு போயிருப்பார் என்று திருப்தியாகப் புரண்டு படுத்தேன்.

ஐந்தேகாலுக்கு மணிக்கூடு கத்தியது.

கோழிகள் எழும்பின. நானும் எழும்பினேன், எழும்பும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அலையைச் சரியாக்கிவிட்டேன். தாளைச் சரியாக்கவில்லை. அவருடைய தகரப் பெட்டி மூடியில் சிவப்பு மையில், இரண்டு கோட்டோடு, என் கையெழுத்தில் நாற்பத்தைந்து அப்படியே இருந்தது. என் வாழ்க்கையில் மிகச் சரியாகப் போட்ட கணக்கு அது. இரவு ஒன்பது மணிக்கு நானே அதைப் பிழையாக்கினேன்.

வேலியை விலக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கைக்கடிகாரத்தையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி படுக்கையில் குந்தியிருந்தார்.

“அண்ணன், கைமணிக்கூடு பழுது போல. ரெண்டும் ஒரே நேரம் காட்டுது.”

“வெளிக்கிடுங்க தம்பி. நேரம் அஞ்சேகால்தான்.”

அவருடைய மனைவி பெட்டியைத் தூக்க, பிள்ளைகள் இரண்டும் அழ, அவர் ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் செருப்புமாகச் சந்திக்கு ஓடினார். பின்னால் நான், இன்னொரு சப்பாத்தோடு. பாதி வழியில் பள்ளியில் வாங்கு சொல்லத் தொடங்கியது. ஐந்து முப்பத்தேழு. இருவரும் ஒரு கணம் நின்றோம். கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. சந்தியில் பஸ் நின்ற இடத்தில் வடைக் கடதாசி மட்டும் கிடந்தது.

மீன் ஏற்ற வாழைச்சேனைக்குப் போகும் வான் ஒன்று அங்கே நின்றது. சாரதி அவசரத்தை முகத்தில் வாசித்து ஆயிரத்து நூற்றைம்பது கேட்டான். வழமையில் நான் முந்நூறில் தொடங்கியிருப்பேன். ஏறுங்கள் என்றேன். பெட்டி பின்னால் பதினான்கு வெறும் மீன்பெட்டிகளுக்கு நடுவில் போனது. நாங்கள் மூவரும் முன்னால் இருந்தோம். மணிக்கூடு அவருடைய மடியில்.

சித்தாண்டி தாண்டினோம். நான் மதகுகளை எண்ணினேன். ஒன்பதாவது மதகில் அவர் யன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன செய்யிறீங்க?”

“இத வயல் வட்டைக்குள்ள எறியப் போறன். மூணு வருசம் நல்லா இருந்திச்சு. ஊருக்கு வந்து பழகாத பழக்கமெல்லாம் பழகி, இண்டைக்கு எண்டு பாத்து நல்ல பிள்ளையாகிட்டு. இதால என்ட கூரை போகப் போகுது.”

கை வெளியே நீண்டுவிட்டது. பிடித்துவிட்டேன். ஒழுங்காக எண்ணிய ஒன்றை என் கண்முன்னால் தண்டிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“மணிக்கூட்டில பிழையில்ல தம்பி. ஒருநாளும் பிழையில்ல. என்ட பெட்டி.”

சொல்லி முடிக்க நான்கு மதகு பிடித்தது. தைரிஸ்டர், கடி, சைபர், சோக், சாரம் எல்லாம். நடுவில் இருந்த நான் முன் கண்ணாடியைப் பார்த்தே பேசினேன். சாரதிதான் முதலில் வாய் திறந்தான்.

“அப்ப வெல்டிங்காரன் சும்மாவா நடந்து போறான்?”

“மாமிட ரேடியோவும் நீங்கதானா?” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

“ஓம்.”

“தையல் அக்காட லைட்?”

“ஓம்.”

“பேக்கரிட ஃபேன்?”

“அதுவும்.”

“அந்த மனுவில நானும் கையெழுத்து வைச்சனே. என்ட கையெழுத்து எத்தினையாவது?”

“பதினேழு.”

“அதையும் எண்ணி வைச்சிருக்கார் பாருங்க” என்று சாரதியிடம் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மீன் வாசத்துக்குள், பயணத்துக்குப் பூசிய அத்தர் வாசத்தோடு, கண்ணீர் வரச் சிரித்தார். அது முழுவதும் சிரிப்பு என்று நான் நினைக்கவில்லை. யன்னலை மட்டும் ஏற்றிவிட்டார்.

ஓட்டமாவடி கடந்து சோதனைச்சாவடிக்குப் போனபோது ஆறு முப்பத்தைந்து. வரிசையில் பதினொரு வாகனம். ஒன்பதாவது எங்கள் பஸ். ஆட்கள் இறங்கி, பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் குந்தியிருந்தார்கள். ஆமிக்காரர் கண்ணிவெடி தேடி வீதியைத் துப்புரவு செய்து திறக்கும்வரை ஒருவரும் போக முடியாது. எத்தனையோ நாள் அந்தச் சாவடியில் நின்று நான் சபித்திருக்கிறேன். அன்று கும்பிட்டேன்.

பஸ் நடத்துனர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் இப்பிடி ஓடி வாறீங்க? எட்டு மணி மட்டும் இஞ்சதான் கிடை. நித்திரை கொண்டு, சாப்பிட்டு, ஆறுதலா வந்திருக்கலாமே.”

பக்கத்து வீட்டுக்காரர் என் கையிலிருந்த சப்பாத்தை வாங்கி நின்றபடியே போட்டார். பெட்டி பஸ்ஸின் மேலே ஏறியது. மணிக்கூட்டை என்னிடம் நீட்டினார்.

“இது இனி ஒங்களுக்குத்தான். எண்ணிக்கைக்காரர் ரெண்டு பேரும் ஒரே வீட்டில இருங்க. விலை வேணாம். ஒரு வேல மட்டும் செய்யணும். பதினேழு பேர் வீட்டுக்கும் போய் நீங்களே சொல்லணும். வெல்டிங்காரர் வந்ததும் பதினெட்டாவது.”

“பதினேழாவது ஆள் நீங்கதானே. உங்களிட்டச் சொல்லிப்போட்டன். மிச்சம் பதினாறுதான்” என்றேன்.

“வெல்டிங்காரரோட பதினேழு. தப்ப ஏலாது அண்ணன்.”

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வரிசை நகர்ந்தது. பஸ் வளைவில் மறையும்வரை நின்றேன். அடுத்த மாரிக்கு முதல் அந்த வீட்டில் ஓடு ஏறியது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தேன், இரண்டாயிரத்து நூறு கிட்ட வந்தது.

நான் வீடு சேர முன்னமே மேற்பார்வையாளர் வந்து போய்விட்டார். கம்பியில் ஒரு குறையும் இல்லை, முறைப்பாட்டுக்கு ஆதாரமில்லை என்று எழுதி, கீழே மனைவியின் கையொப்பத்தையும் வாங்கியிருந்தார். “வீட்டுக்காரர் எங்க எண்டு கேட்டார். மீன் வானில போனவர் எண்டன்” என்றார் மனைவி.

பதினாறு பேருக்கும் தனித்தனியே சொல்லத் தைரியமில்லாமல், சந்திக் கடைக்கு எல்லோரையும் கூப்பிட்டுத் தேநீரும் ரொட்டியும் எடுத்துக்கொடுத்து, அவர்கள் வாயில் ரொட்டி இருக்கும்போது வேகமாகச் சொல்லி முடித்தேன். வெல்டிங்காரர் கதிர்காமத்திலிருந்து திருநீற்றோடு வந்ததும் அவருக்கும் அதே கடையில் அதே கணக்கு. அவர் ரொட்டியை மென்றபடி, “நான் முருகனிட்டக் கேட்டது வேற” என்று மட்டும் சொன்னார்.

வான் ஆயிரத்து நூற்றைம்பது, செப்புக் கம்பி முந்நூற்றுப் பத்து, கண்டென்சர் ஆறும் முந்நூற்று முப்பது, தேநீரும் ரொட்டியும் பன்னிரண்டு ரூபாய்ப்படி பதினேழு பேருக்கு இருநூற்று நான்கு. மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு ரூபாய்.